எமில்ராஜின் கண்ணும் கறுத்த நாயும்

குருநகர்க் கரைக்கு ஒரு படகு வந்தால், அதில் என்ன மீன் என்று எட்டிப் பார்க்கிறவர்கள் பலபேர். அதிலிருந்து இறங்குகிறவன் ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்குகிறான் என்று பார்க்கிறவர் கிறிஸ்துநாயகம் ஒருவர்தான். மீனைப் பற்றியும் கேட்பார். அது இரண்டாவது.

அவருக்குப் புதினம் கேட்கிற வருத்தம், ஊர்ச் செய்தி அறியாமல் இருக்கமுடியாத நோய். பிறவியிலேயே வந்தது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைக்கும் வாத்தியாரைக் கேள்வி கேட்டார். வாத்தியார் பொறுமை இழந்தாரோ இவர் பொறுமை இழந்தாரோ, அதோடு படிப்பு நின்றது. பிறகு கடல். ஒருநாள் நங்கூரக் கயிறு வெட்டி இழுத்ததில் தோள்மூட்டு விலகியது. திரும்பச் சரியாகப் பொருந்தவில்லை. வலை இழுக்க மாட்டாத தோளுக்கு ஓட்டோ போதும் என்று ஓட்டோ எடுத்தார். கடலைவிட அது அவருக்கு நன்றாக வாய்த்தது. ஏறியவன் இறங்குமட்டும் தப்பி ஓட வழியில்லையே.

அவருடைய மனைவி பிலோமினா சொல்லுவாள்: "உங்களைப் பெட்டிக்குள்ளை வைச்சு மூடேக்கையும், இது என்ன பலகை, எங்கை அரிஞ்சது எண்டு கேப்பியள்."

"கேட்டால் என்ன? படுக்கப்போறது நான்தானே," என்பார் அவர்.

கண் விசயத்தில் அவர் மாட்டுப்பட்டதும் இந்த வருத்தத்தால்தான். மாரிகாலத்தில் ஒருநாள். தர்சினி என்று ஒரு தாதி, புத்தூர்ப் பிள்ளை. இறந்தவர்களின் கண்ணைத் தானமாக எடுக்கிற குழுவில் வேலை. வெள்ளத்தில் அவளுடைய ஸ்கூட்டி நின்றுவிட, அரியாலையில் ஒரு செத்தவீட்டுக்குப் போக இவருடைய ஓட்டோவை மறித்து ஏறினாள். மடியில் ஒரு ஐஸ் பெட்டி.

"பிள்ளை, பெட்டிக்குள்ளை என்ன?"

"இப்ப ஐஸ்தான் அண்ணை. திரும்பி வரேக்கை கண் இருக்கும்."

வேறு ஆளென்றால் அந்த இடத்திலேயே இறக்கி விட்டிருப்பான். கிறிஸ்துநாயகம் பின்கண்ணாடியைத் திருப்பி, அவளுடைய முகம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். கண்ணை முழுதாகத் தோண்டுவீர்களா, இல்லை மேல் தோல் மட்டுமா? செத்த ஆளுக்கு முகம் கோணாதா? குடிகாரன்ரை கண்ணை வைத்தால் வாங்கினவனும் தள்ளாடுவானா?

"வெறி கண்ணிலை இல்லை அண்ணை," என்று அவள் சிரித்துவிட்டாள். கருவிழிக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, அதைத்தான் மற்றவருக்கு வைத்துத் தைப்பார்கள், ஒரு ஆளிடமிருந்து இரண்டு பேருக்குப் பார்வை கொடுக்கலாம் என்றெல்லாம் சொன்னாள்.

அரியாலை வீட்டில் அவர் வெளியே நிற்கவில்லை. நின்றால் அவர் கிறிஸ்துநாயகம் இல்லை. யன்னலோரம் நின்று கேட்டார். தர்சினி முதலில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வைத்து வரிசையாகக் கேள்வி கேட்டாள். செங்கமாரி, மஞ்சள்காமாலை வந்ததா? உடம்பில் பச்சை குத்தியதா? அண்மையில் இரத்தம் ஏற்றியதா? நாய் பூனை கடித்ததா? பிறகு செத்தவரின் உடம்பிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்தாள். உடம்பைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கண்ணுக்குப் போனாள்.

தன்னைவிடக் கூடக் கேள்வி கேட்கிற ஒரு ஆளை அவர் அன்றைக்குத்தான் கண்டார். திரும்பி வரும்போது அதையே கேட்டார்.

"தாறவன் சும்மா தாறான். அதுக்கு ஏன் பிள்ளை உவ்வளவு விசாரணை?"

"நீங்கள் மீன் வாங்கேக்கை செவுளைத் தூக்கிப் பாக்கிறேல்லையோ?"

"பாப்பன்."

"நீங்கள் சமைச்சுச் சாப்பிடப் போற மீனுக்கே உந்தப் பார்வை. இது உயிரோடை இருக்கிற ஆளின்ரை கண்ணிலை வைச்சுத் தைக்கிறது. இரத்தத்தைச் சோதிச்சு நல்லதெண்டு வந்தால்தான் வைப்பினம். ஆனால் சில கிருமி வந்த புதிசிலை இரத்தத்திலை தலைகாட்டாது. சிலது இரத்தத்துக்கு வராமலே நரம்பு வழியாலை போகும். அதுகளைப் பிடிக்க வேறை வழியில்லை. வீட்டுச் சனம் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு."

சனம் வாய் திறக்க வேண்டும். அந்த ஒரு சொல்லில் அவர் அப்படியே ஒட்டிக்கொண்டார். அன்றிலிருந்து கண் எடுக்கப் போகிற பயணம் எதற்கும் அவருடைய ஓட்டோதான். கோவிலில் பெருநாள் முடியச் சனத்தை மறித்து வைத்துக் கண்தானத்துக்குக் கையெழுத்து வாங்குகிறவரும் அவர்தான்.

போகப் போக அவருக்கு ஒன்று விளங்கியது. செத்தவீட்டு வாசல் படலையில் நிற்கிற ஆம்பிளைகளிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றுதான் பதில் வரும். பொய் சொல்லவேண்டும் என்றில்லை. செத்தவன்மேல் ஒரு குறையும் ஒட்டக்கூடாது என்கிற மரியாதை. ஒரு வீட்டில் தமையன்காரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தலையிடி எண்டுகூடப் படுக்காத மனிசன்," என்றான். உள்ளே பெண்சாதி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, செங்கமாரி வந்து மஞ்சளாய்க் கிடந்தபோது கீழ்காய்நெல்லி அரைத்துப் பருக்கின கையை விட்டுவிட்டுப் போனீரே என்று பாடி அழுகிறாள். கிறிஸ்துநாயகம் தமையன்காரனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அது பரியாரியார் தந்த நாட்டு மருந்தோடை மாறிப்போட்டுதே! அதெல்லாம் ஒரு வருத்தமே?" என்றான் அவன், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

அதற்குப் பிறகு அவர் படலையில் நிற்பதை விட்டுவிட்டார். பந்தலுக்குள் போய், ஒப்பாரி கேட்கிற மாதிரி ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிடுவார். சனம் பார்த்துவிட்டு, "நாயகத்தாருக்கு இளகின மனசு," என்று சொல்லும். அவர் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்.

இனி எமில்ராஜின் கதைக்கு வருவோம்.

எமில்ராஜ் இவரோடு ஒரே படகில் தொழில் செய்தவர். தோள்மூட்டு விலகின அன்றைக்கு இவரைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தவரும் அவர்தான். பெரிய வாய்க்காரர். பெருநாளன்று கண்தானத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டு, கோவில் வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தினார்: "நாயகம், என்ரை கண்ணை வாங்கிறவனுக்குத் திசைகாட்டி தேவையில்லை எண்டு சொல்லு! கண்ணை மூடிக்கொண்டும் நெடுந்தீவு போவான்!"

"கண்ணை மூடிக்கொண்டு போறதுக்கு உன்ரை கண் என்னத்துக்கடா?" என்றார் கிறிஸ்துநாயகம். எமில்ராஜின் மனைவி மக்டலீன் சிரித்த சிரிப்பில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எமில்ராஜுக்கு நெடுநாளாக இதய வருத்தம். கிளினிக் போய் வருகிறவர். உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்தின தபசுகாலம் முடிகிற நேரம் ஒரு விடியற்காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் கட்டிலில் சரிந்தார். வழமையாகப் பார்க்கிற டொக்டர் வந்து மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். மக்டலீன் ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு, முதல் வேலையாகக் கிறிஸ்துநாயகத்துக்குத்தான் ஆள் அனுப்பினாள்.

"நாயகம் அண்ணை, அவர் சொன்ன சொல்லு. ரெண்டு கண்ணும் இண்டைக்கே போகவேணும். ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார். நீங்கள்தான் நிண்டு செய்விக்கவேணும்."

"நான் நிக்கிறன். நீ யோசியாதை," என்றார் அவர். உடனே தர்சினிக்குச் சொல்லி அனுப்பினார்.

தர்சினி பெட்டியோடு வந்தபோது வெயில் ஏறவில்லை. ஆனாலும் நேரம் இழுபட்டால் படலம் பழுதாகிவிடும். பதில் சொல்ல வந்தவன் மக்டலீனின் தம்பி றமேஸ். கடலட்டைக்குச் சுழியோடுகிறவன், அத்தானோடு முல்லைக் கரையில் ஒரே வாடியில், மீனவர் குடிலில் தங்கித் தொழில் செய்கிறவன். தர்சினி கேட்கக் கேட்க, அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தான்.

"நாய், பூனை, குரங்கு ஏதும் கடிச்சதோ, கீறினதோ?"

றமேஸ் சேட்டுக் கையைக் கீழே இழுத்துவிட்டான். "இல்லை."

"சரி. உடம்பை ஒருக்கால் பாக்கவேணும்."

"என்ன மிஸி, உடுப்புப் போட்டாச்சு. கோட் சூட், சப்பாத்து, மேஸ் எல்லாம் போட்டு, கையிலை செபமாலையும் சுத்தியாச்சு. இனி ஆர் கழட்டுறது? சனமும் வந்திட்டுது."

தர்சினி அசையவில்லை. "பாக்காமல் எடுக்கேலாது அண்ணை. சனத்தைக் கொஞ்சம் விலத்துங்கோ," என்றாள். றமேஸ் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனான். அந்த இடைவெளியில்தான் மக்டலீன் அடுத்த ஒப்பாரியை எடுத்தாள். கிறிஸ்துநாயகம் தன் கதிரையில் இருந்தார். இன்றைக்கு விசாரிக்க என்று இருக்கவில்லை, உண்மையாகவே அழத்தான் இருந்தார். ஆனால் காது பழகிப்போய்விட்டது.

"கொண்டல் அடிச்ச கடல் கொண்டுபோகா என்ரை ராசா,
வாடை அடிச்ச கடல் மடிக்காத என்ரை ராசா,
கறுத்த நாய் கவ்வியும் காலூண்டி வந்தீரே,
கட்டிலிலை சரிஞ்சென்னைக் கைவிட்டுப் போனீரே..."

கிறிஸ்துநாயகத்தின் அழுகை பாதியில் நின்றது.

கறுத்த நாயா? எந்தக் கறுத்த நாய்? இந்தத் தெருவில் ஒரு கறுத்த நாயும் இல்லை. கோவிலடியில் ஒன்று இருந்தது, அது பல்லில்லாத கிழம். எமில்ராஜை நாய் கடித்திருந்தால் அவர் குருநகர் முழுக்க அதை ஒரு கதையாகச் சொல்லித் திரிந்திருப்பார். நாய் சிங்கமாகியிருக்கும். ஏன் சொல்லவில்லை? அதுவும் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

பேசாமல் இருந்துவிடலாம். அந்த எண்ணமும் வந்தது. பழைய கடியாக இருக்கலாம், சின்ன வயதில் பட்டதாக இருக்கலாம். கையெழுத்து வாங்கினது நான். நிற்கிறேன் என்று மக்டலீனுக்குச் சொன்னதும் நான். இப்போது நாய் என்று வாய் திறந்தால் எமில்ராஜின் கண் மண்ணுக்குள் போகும். அவர் கதிரையில் இப்படியும் அப்படியும் அசைந்தார். ஆனால் எங்கேயோ இரண்டு பேர், முகம் தெரியாதவர்கள், கண்ணுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தந்தேன் என்று சொல்லவேண்டாமா?

எழும்பினார். அழுகிற பெண்ணைக் கை தட்டிக் கூப்பிட்டு, எந்த நாய் என்று ஒரு ஆம்பிளை கேட்கமுடியாது. ஒப்பாரிக்குள் ஒருவரும் குறுக்கே போகமாட்டார்கள். போனால் இன்னொரு பெண்தான் போகலாம், அதுவும் கட்டிப்பிடித்துப் பாடிக்கொண்டு. பெண்களுக்குள் இருந்த பிலோமினாவைக் கண்ணைக் காட்டிக் வீட்டுப் பின்பக்கக் கோடிப்புறத்துக்கு அழைத்தார்.

"மக்டலீனைக் கட்டிப்பிடிச்சு அழு. அழேக்கை எந்த நாய், எப்ப கடிச்சதெண்டு கேள்."

பிலோமினா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "செத்தவீட்டிலை நாய்ப் புதினமே கேக்கிறியள்? உங்களுக்கு விசர், முழுப் பைத்தியம்."

"எனக்கில்லை. அந்த நாய்க்கு இருந்ததோ எண்டுதான் கேக்கச் சொல்லுறன். கண் எடுக்கப் போகினம், பிலோமி."

அவள் முகம் மாறியது. கணவனுடைய சும்மா புதினம் எது, சும்மா இல்லாதது எது என்று அவளுக்குத் தெரியும். ஒரு சொல்லும் கேட்காமல் திரும்பிப் போய், மக்டலீனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எடுத்தாள்:

"எந்த நாய் கவ்வினது என்ரை தங்கச்சி, என்ரை தங்கச்சி,
எப்ப வந்து கவ்வினது எனக்குமெல்லோ சொல்லேல்லை..."

மக்டலீன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கேள்வி வந்த மெட்டிலேயே மறுமொழி வந்தது.

"விபூதிப் புதன் கழிய முல்லைக் கரை வாடியடி,
வீணி வடிச்சலைஞ்ச விசர் பிடிச்ச நாயடி,
என்ரை ராசா காலைக் கவ்வி, கூடவந்த தம்பியின்ரை
கையையும் கீறிப்போட்டுக் கானுக்கை செத்ததடி..."

பந்தலில் இருந்த சனம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. கிறிஸ்துநாயகம் மட்டும் கூரைக் கிடுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். விபூதிப் புதன் என்றால் இந்தத் தபசுகாலம் தொடங்கின நாள். நேற்று முந்தநாள் மாதிரி. நாய் செத்தும் போய்விட்டது. அதோடு, தம்பி.

நேரே தர்சினியிடம் போய்ச் சொன்னார். அவள் கையுறை போடப் போன கையை நிறுத்திவிட்டாள்.

"எந்தக் காலெண்டு சொல்லேல்லையோ?"

"பாட்டிலை அது வரேல்லை பிள்ளை."

சனத்தை விலக்கி, இரண்டு பேர் சேலையைத் திரைபோலப் பிடிக்க, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார்கள். இடது கெண்டைக்காலில் ஆறின பல்லடையாளம், கருஞ்சிவப்பாக. அதைச் சுற்றி ஏதோ பச்சிலை அப்பின கறை.

"றமேஸ், இஞ்சை வா," என்றார் கிறிஸ்துநாயகம். "கையைக் காட்டு."

றமேஸ் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டான். வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினான்.

"ஏன்ரா, நாக்கையும் நாய் கொண்டு போட்டுதோ? மிஸி கேக்கேக்கை இல்லையெண்டனீ!"

"சொல்லப்படாது அண்ணை!" என்று அவன் வெடித்தான். "விசகடிப் பரியாரியார் சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் மருந்து வைச்சவர். மூண்டு பறுவம், மூண்டு முழுநிலா போகுமட்டும் கடியைப் பற்றி ஒரு ஆம்பிளை வாயாலையும் வரப்படாது. வந்தால் விசம் முழிச்சுப்போம். அத்தானும் அதாலைதான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர். அத்தான்ரை பத்தியம் முடிஞ்சுது. என்ரை முடியேல்லையே!"

எமில்ராஜின் வாயை ஒரு தபசுகாலம் முழுக்க அடக்கி வைக்க அந்தப் பரியாரியால் முடிந்திருக்கிறது. அதை நினைக்கக் கிறிஸ்துநாயகத்துக்குக் கோபத்துக்குள்ளும் ஆச்சரியமாக இருந்தது.

"பிள்ளை, அப்ப எமில் செத்தது உதாலையோ?" என்று தர்சினியிடம் மெல்லக் கேட்டார்.

"அது மாரடைப்பு மாதிரித்தான் கிடக்கு. ஆனால் விசர்நாயின்ரை கிருமி உள்ளுக்கு ஏறியிருந்ததோ இல்லையோ எங்களுக்குத் தெரியாது. நான் கொண்டுபோற இரத்தத்திலை அது காட்டாது. தெரியாததை ஒருத்தற்ரை கண்ணிலை வைக்கேலாது அண்ணை." அவள் பெட்டியை மூடினாள். "இவர், றமேஸ், உடனை ஊசி போடவேணும். வருத்தம் தொடங்கினால் பிறகு ஒண்டும் செய்யேலாது. இன்னும் நேரமிருக்கு. ஆனால் எவ்வளவு நேரமெண்டு ஒருத்தராலும் சொல்லேலாது."

மக்டலீனிடம் சொல்லவேண்டியது கிறிஸ்துநாயகத்தின் பங்கு. அவர் சுற்றி வளைக்கத் தெரியாதவர். போய்க் குந்தியிருந்து சொன்னார்.

"மக்டலீன், கண் எடுக்கேலாது. நாய் கடிச்ச உடம்பு."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். "அப்ப என்ரை மனிசன் ஊருக்குச் சொன்ன சொல்லு?"

"கையெழுத்து வாங்கினதும் நான்தான். இப்ப வேண்டாமெண்டுறதும் நான்தான். ஆரும் கேட்டால் என்னட்டை அனுப்பு."

"அவற்ரை கண் பழுதே அண்ணை?"

"பழுதெண்டு ஆர் சொன்னது? நல்ல கண். ஆனால் நம்பிக் குடுக்கேலாது. உன்ரை பிள்ளைக்கு வைக்கிறதெண்டால் நீ வைப்பியே?"

அவள் எமில்ராஜின் மூடின கண்ணைப் பார்த்தாள். பிறகு தலையை ஒருமுறை ஆட்டினாள். வைக்கமாட்டேன் என்று.

"இன்னுமொண்டு," என்றார். "தம்பியை இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். அவன் மாட்டனெண்டு நிக்கிறான்."

"செத்தவீடு முடியட்டும் அக்கா," என்றான் றமேஸ் பின்னால் நின்று. "அத்தானைத் தூக்காமல் நான் எப்பிடிப் போறது? ஒரு கீறல்தானே."

மக்டலீன் கையை ஊன்றி எழும்பினாள். செத்தவீட்டில் புருசனின் தலைமாட்டை விட்டு எழும்புகிறவள் இல்லை அவள். எழும்பி வந்து, தம்பியின் சேட்டுக் கொலரைப் பிடித்தாள்.

"ஒருத்தரை இண்டைக்கு வைச்சு அழுறது போதும் எனக்கு. ஏறடா ஓட்டோவிலை."

அவன் போய் ஏறினான்.

ஓட்டோவைக் கிளப்பும்போது தெருமுனையால் அடுத்த கூட்டம் பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார்கள். மக்டலீன் தலைமாட்டில் திரும்ப இருந்து, வந்தவர்களைக் கட்டிக்கொண்டு எடுத்தது வாசல் வரை கேட்டது:

"கண்ணைக் கேட்டு வந்தவையள் காலைப் பார்த்துப் போகினமே,
காத்திருந்த கண்ணிரண்டும் கைகூடாமல் போகுதடி,
போற கண்ணைப் பார்த்தழுறன், என்ரை கூடப்பிறவி ஒண்டு மிஞ்சுதடி..."

கிறிஸ்துநாயகம் என்ஜினைக் கொஞ்சம் தணித்து, அந்த அடி முடியுமட்டும் நின்றார். பிறகு ஓட்டோவைத் திருப்பினார். பின்னால் தர்சினி வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் றமேஸ் கீறல் பட்ட கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டு இருந்தான். கடற்கரை வீதி தாண்டியது.

பிறகு கிறிஸ்துநாயகம் பின்கண்ணாடியைத் திருப்பினார். றமேஸின் முகம் தெரிந்தது.

"தம்பி, வாடியிலை எத்தினை பேர் இருந்தனீங்கள்?"

றமேஸ் வெளியே பார்த்தான்.

"உன்ரை பத்தியம் முறிஞ்சு போச்சடா, உன்ரை அக்கா பாடியே முறிச்சுப்போட்டா. இனிச் சொல்லு. அந்த நாய்க்குச் சோறு வைச்சது ஆர்? செத்த நாயைக் கையாலை தூக்கிப் புதைச்சது ஆர்? வேறை ஆருக்கெல்லாம் பரியாரி வாய் கட்டினவர்?"

றமேஸ் தர்சினியைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பிறகு ஒரு பெயரைச் சொன்னான். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"ம்," என்றார் கிறிஸ்துநாயகம், வேகத்தைக் கூட்டிக்கொண்டு. "அவன் எங்கை இருக்கிறவன்? ஆற்ரை மகன்?"